அஞ்சரைக்குத் திரும்பி வரும்

எங்கள் பஸ் கடலிலிருந்து ஏறி வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் இழுத்துவைத்து உங்களைக் காக்க வைக்க எனக்குப் பொறுமை இல்லை. எப்படி வந்தது, யார் ஓட்டி வந்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். தெரியாது. வந்தது, அவ்வளவுதான்.

கரையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். இந்தத் தீவில் விடியும்போதே பெண்கள் வாரியலோடு வந்து தெருவையும் கடற்கரையையும் பெருக்கிவிடுவார்கள், அப்புறம்தான் டீ. அன்றைக்கு அவர்கள் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது பவளத்திட்டுக்கு அந்தப் பக்கம் ஹெட்லைட் இரண்டும் எரிய, வைப்பர் இடமும் வலமும் ஆட, நெற்றியில் மரிய மலர் என்று எழுதிய ஒரு வெள்ளை மினி பஸ் அலை மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நேராக மணலுக்கு வந்து, ஒரு உறுமல் உறுமி, பெருமூச்சு விட்டு நின்றது. உள்ளே ஒருத்தரும் இல்லை. பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அதைச் சுற்றிப் பெருக்கினார்கள். பஸ்ஸிலிருந்து பாசி வடிந்ததில்தான் ஹவ்வா அக்காவுக்குக் கோபம்.

"எங்க இருந்து வேணும்னாலும் வரட்டும்," என்றாள். "பெருக்கின எடத்துல குப்பை போடக் கூடாது."

அவள் பேசியது இந்தத் தீவுக்காரர்களின் பாஷையான திவேஹி. நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன், வேறு தமிழ் எனக்கு வராது.

என் பெயர் ஜெபிஷா. பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. திரும்ப எழுதப் பிடிக்கவில்லை, எழுதவில்லை. எங்களுக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். அம்மா புஷ்பலீலா நர்ஸ். மாலத்தீவில், பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்னத் தீவின் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்து, முதலில் அவள் மட்டும் வந்து, தினமும் போனில் அழுது, கடைசியில் "ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க" என்று சொல்ல, அப்பா டென்னிசன் பத்தொன்பது வருஷம் ஓட்டிய மினி பஸ்ஸின் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். விசாவில் அவர் பெயருக்கு நேராக டிபெண்டென்ட் என்று போட்டிருந்தது. அதாவது அம்மாவைச் சார்ந்தவர். அதாவது வேலை செய்யக் கூடாது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? முதல் டிரிப்புக்கு எழும்புகிற நேரத்துக்கே எழும்பி, குளித்து, சட்டைக்கை மடித்து, கட்டில் ஓரத்தில் போய் உட்காருவார். அம்மாவின் வெள்ளை யூனிஃபார்மைத் துவைத்து, நீலம் போட்டு, தேய்த்து மடித்து வைப்பார். தினமும் சூரை மீன், வேறு மீன் கிடைத்தாலும் சூரை மீன்தான் மலிவு, அதில் கறி வைப்பார், புட்டு அவிப்பார், கொடியில் துணி காயப் போடுவார், மழை வந்ததும் எடுப்பார், மழை போனதும் போடுவார், இங்கே மழை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று மழைக்கே தெரியாது. டியூட்டி முடிகிற நேரத்துக்குக் குடையோடு போய் அம்மாவைக் கூட்டி வருவார். தெரு முனை வந்தால் நடையைக் குறைத்து, வலது கையை நீட்டித் திரும்புவார். பின்னால் ஒரு பூனைகூட இருக்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கால் தானாகத் தரையை அமுக்கும். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். பரிதாபமாக வந்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

தீவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. சிஸ்டருக்க மாப்பிள்ளை. கடையில் முட்டை வாங்கினால் சிஸ்டருக்க மாப்பிள்ளைக்கு முட்டை. பள்ளிவாசல் பக்கம் நடந்தால் அதோ சிஸ்டருக்க மாப்பிள்ளை போகிறார்.

அப்புறம் ஆம்புலன்ஸ் விஷயம். சுகாதார நிலையத்தில் ஒரு வண்டி உண்டு. ஒரு நாள் டிரைவர் மீன்பிடிக்கப் போன நேரத்தில் ஒரு மனுஷன் தென்னையிலிருந்து விழுந்துவிட்டான். அப்பா சாவியை எடுத்து, போய், அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் டிபெண்டென்ட் வண்டி ஓட்டலாமா என்று மேலே யாரோ கேட்டு, அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்து, அம்மா முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க," என்றாள். "நீங்க சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய உதவி."

அப்பா கொடியிலிருந்து யூனிஃபார்மை எடுத்து மடித்தார். மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"சனிக்கிழமை தோணியில ஏர்போர்ட்டுக்குப் போயி நான் ஊருக்குப் போறேன். ஜெபியையும் கொண்டு போறேன். டுட்டோரியல்ல சேக்கணும்."

"போறவங்க போங்க," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் நிஜமாகத்தான் சொன்னார்கள். எனக்குத் தெரியும். அப்பா போனால் திரும்பி வர மாட்டார், வெட்கப்பட்டே அங்கே இருந்துவிடுவார். அம்மாவுக்கு இங்கே இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது. நான் டுட்டோரியலில் கிடப்பேன். மூன்று பேர் மூன்று போன் ஆகிவிடுவோம்.

மறுநாள் விடிந்ததும்தான் பஸ்.

நான் போய்ச் சொன்னபோது அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவி முடித்துவிட்டுத்தான் வந்தார். பஸ்ஸை ஒரு சுற்று சுற்றினார். பின் சக்கரத்தைக் காலால் உதைத்தார். இடது பக்கத்தில், கருங்கல் வளைவில் தேங்காய் லாரி உரசின நெளிவைத் தடவினார். டிரைவர் சீட்டில் அவருடைய பச்சைத் துண்டு அப்படியே கிடந்தது. டாங்க்கைத் திறந்தார், கழுத்து வரைக்கும் கடல் தண்ணீர். முகர்ந்து பார்த்து மூடினார்.

"ஓடும்," என்றார். "பிரேக்குதான் கொஞ்சம் பாக்கணும்."

"பொளிச்சுப் பழைய இரும்புக்கு வித்தாச்சுன்னு முதலாளி சொன்னாருல்ல?"

"அவரு சொல்லுவாரு," என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் கவுன்சில் கூடியது. தலைவர் ஸாஹிர் தன் அம்மாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் பல வருஷம் இருந்தவர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், அப்பாவைச் சேட்டா என்பார். பஸ் எப்படி வந்தது என்று கவுன்சிலில் யாரும் கேட்கவில்லை. கடலில் தினமும் ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்கள் சண்டை போட்டது இது படகா வண்டியா என்பதற்கு. வண்டி என்றால் நம்பர் வேண்டும். படகு என்றால் முன்னால் விளக்கும் உள்ளே லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும். விளக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே படகு என்று வைத்துக்கொள்வதே சுலபம் என்று முடிவாகி, மீனவர்கள் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் திணித்தார்கள்.

அப்புறம் ஊரே ஏறி உட்கார்ந்துகொண்டது. நிற்கிற பஸ்ஸில். பிள்ளைகள் ஜன்னல் ஓரம் பிடித்தார்கள். பெண்களுக்கு முன் சீட் என்று நான் ஒரு தடவை சொன்னதுதான், அதற்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளைகூட அங்கே உட்காரத் துணியவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மீன் பணியாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து ஏறினார்கள், ஏறி, ஜன்னல் வழியே அசையாத கடலைப் பார்த்தபடி தின்றார்கள், புருஷன் பொண்டாட்டி சண்டை உள்ளவர்கள் கடைசி சீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள், காய்ச்சல் பிள்ளைகளைக் கம்பிக்கு நடுவில் தூளி கட்டித் தூங்க வைத்தார்கள், யாருக்கும் இறங்க மனம் இல்லை. முதல் சீட்டில் ஹவ்வா அக்கா, மடியில் வாரியல்.

"இது எப்ப போகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு விசில் அடிச்சாத்தான் போகும்," என்றார் அப்பா. "ஒண்ணு அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சாப் போகும். கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது."

"எங்க போகும்?"

அப்பா நெற்றிப் பலகையைக் காட்டினார். கருங்கல்.

"அங்க என்ன இருக்கு?"

"எனக்க வீடு."

"அப்ப இங்க நீ தூங்குறது கோழிக்கூடா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இந்தப் பஸ்ஸை என்னவென்று நினைத்துவிட்டார் என்று. தன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் தோணி வந்து காத்துக் கிடந்து போனது. அப்பா பெட்டியைப் பஸ்ஸில் வைத்தார். என் பெட்டியையும். ஸாஹிர் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"சேட்டா, வேலை செய்யக் கூடாது, ஓர்மை உண்டல்லோ? ஆனா சொந்த ஊருக்குப் போறது வேலை இல்ல. போற வழியில ஆள் ஏறினா அது உபகாரம். உபகாரத்துக்கு விசா வேண்டா." சொல்லிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

அம்மா டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தாள். யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் இல்லை. சோற்றுப் பாத்திரத்தை என் கையில் தந்தாள், அப்பா பக்கம் திரும்பவில்லை. அப்பாவும் கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம், நேருக்கு நேர் பார்ப்பதைவிடக் கண்ணாடியில் பார்ப்பதுதான் அவருக்கு வரும்.

பின் வாசல் கொக்கியில் கண்டக்டரின் பழைய விசில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் துடைத்தேன். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பஸ் ஆளோடு நிற்கும்போது விசில் கையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. இரண்டு ஊதினேன்.

மரிய மலர் குலுங்கியது. மணலை விட்டது. கடலில் இறங்கியது. தண்ணீர் டயரில் பாதிக்குத்தான் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஆழம் கூடக் கூடக் கீழே நீலம்தான் கருத்தது, பஸ் அதே உயரத்தில் போனது. அப்பா அலை வந்தால் ஸ்பீடு பிரேக்கருக்குப் போடுகிற மாதிரி செகண்ட் கியருக்கு இறக்கி மெல்ல ஏற்றினார். ஓங்கில் கூட்டம், டால்பினைத்தான் நாங்கள் ஓங்கில் என்போம், குறுக்கே வந்தபோது, ஊரில் ஆட்டுக்கூட்டத்துக்கு அடிப்பது போல ஹாரனை விட்டு விட்டு அடித்துப் பொறுமையாக நின்றார். உள்ளே நாற்பது பேர் ஏதோ பிறந்ததிலிருந்தே பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு வந்தார்கள். நான் படியில் நின்றேன். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் முதல்முறையாக எதையாவது சரியாகச் செய்கிறேன் என்று தோன்றியது.

பக்கத்துத் தீவில் ஹவ்வா அக்காவின் தங்கை இருக்கிறாள். ஒரு சீமைப்பலா மரத்துக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர்கள். அந்தத் தீவு வந்ததும் ஹவ்வா அக்கா எழும்பினாள்.

"நிறுத்து. இவ்வளவு தூரம் பஸ் வந்த பிறகு எறங்காமப் போனா அவ என்ன நினைப்பா?"

ஒற்றை விசில். அப்பா நிறுத்தினார். ஹவ்வா அக்கா வாரியலோடு இறங்கினாள், இறங்கி, டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து, உலகத்தில் எந்தப் பஸ்ஸிலிருந்து இறங்குகிற எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"திரும்பி எப்ப வரும்?"

அப்பா கியரைத் தட்டிக்கொண்டே, ஒரு நொடி யோசிக்காமல் சொன்னார்:

"அஞ்சரைக்கு."

ஹவ்வா அக்கா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாராவது ஒருத்தி அதைக் கேட்டிருக்கிறாள், அவரும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறார், சொன்ன நேரத்துக்கு வந்தும் இருக்கிறார். அந்த வாய் அவரைக் கேட்காமலே வேலை செய்துவிட்டது.

"அப்பா," என்றேன்.

"பேசாத மக்ளே. ரெண்டு அடி."

இரண்டு அடித்தேன்.

அதற்குள் தீவுக்குத் தீவு போனில் செய்தி போய்விட்டது. எங்கள் பக்கத்து மினி பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு, கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், ஸ்டாப் கிடையாது. அது இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்ததோ, ஒவ்வொரு தீவிலும், ஒவ்வொரு மணல் திட்டிலும், நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு தோணியின் முனையிலும், ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவால் கை நீட்டினவரைத் தாண்டிப் போக முடியாது. அவர் கால் கேட்காது. மீன் கூடையோடு ஏறினார்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஏறினார், கல்யாணப் பெண்ணுக்குக் கேக் கொண்டுபோகிறவர்கள் கேக்கை அடுத்தவர் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்கள், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று நான் கத்தினேன், புரியாவிட்டாலும் போனார்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்து அதையே கேட்டார்கள், அப்பா எல்லாருக்கும் ஒரு நேரம் சொன்னார். சொல்லாமல் இருக்கப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. யாராவது கேட்டால் நேரம் தானாக வாயிலிருந்து விழுந்தது.

மத்தியானத்துக்குக் கடைசித் தீவு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் திட்டு இல்லை, தென்னை இல்லை, பச்சைத் தண்ணீர் முடிந்து கறுப்புத் தண்ணீர் ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கம் நேராகப் போனால் கருங்கல். அப்பா விளிம்பில் பஸ்ஸை நிறுத்தினார். விசில் இல்லாமலே நிறுத்தினார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அது ஒரே தடவை.

"கருங்கல் போற ஆளு உண்டா?" என்று உள்ளே திரும்பிக் கேட்டார்.

ஒருத்தரும் இல்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஸாஹிர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"நீ போகணும்னா போ சேட்டா. ஞங்களும் கூட வர்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் உண்டு, அது சாரமில்ல, பரவாயில்ல."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார். பச்சைத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். எனக்கு அழ வேண்டும் போலவும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மா பாவம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொல்லித் திருப்பினால் அவர் நாளைக்கு மறுபடியும் போவார். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தேன். தேங்காய்ச் சம்மந்தி, சோறு, பொரித்த சூரை. மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு இருந்தது. அம்மா எப்போதும் மூன்று பேருக்குத்தான் அள்ளுவாள், அவளுக்கும் கை கேட்காது போல.

அப்பா இரண்டு வாய் தின்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு அந்த வாரியல் அம்மா வந்து நிப்பா," என்றார்.

"நிப்பா."

"போகாம இருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பா?"

"உங்களப் பத்தித்தான் நினைப்பா. எனக்க பேரு அவளுக்குத் தெரியும், உங்களத்தான் சொன்ன நேரத்துக்கு வராத டிரைவர்னு சொல்லுவா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், கண்ணாடியில் இல்லாமல், நேராக. அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்தார். நான் இரண்டு ஊதினேன், அப்படி ஊதினேன், பக்கத்தில் நின்ற வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வந்தது ஊர்வலம் மாதிரி இருந்தது. சொன்ன இடத்தில் சொன்ன ஆட்கள் நின்றார்கள், சொன்ன நேரத்துக்குப் பஸ் வந்தது, ஒவ்வொரு தீவிலும் அதைப் பார்த்து ஆட்கள் கையைத் தட்டினார்கள். பஸ் கடல் மேல் வந்ததற்கு ஒருத்தரும் தட்டவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்ததற்குத் தட்டினார்கள், ஏனென்றால் இந்தக் கடலில் அப்படி எதுவும் அதுவரை வந்ததில்லை. டாஷ்போர்டில் உலர்ந்த மீனும் வெற்றிலையும் கட்டின பூவும் குவிந்துவிட்டது. அஞ்சரைக்கு ஹவ்வா அக்கா நின்றாள். ஒரு கையில் வாரியல், மறு கையில் தங்கை.

"உன் பேர் என்ன?" என்று ஏறும்போதே கேட்டாள்.

"டென்னிசன்."

"டெனிசன் டிரைவர், இவளுக்கும் முன் சீட்," என்றாள். பின்னால் இருந்த நாற்பது பேரும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். டெனிசன். டெனிசன் டிரைவர்.

எங்கள் தீவுக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாக இருந்தது. அப்பா கரையில் நிறுத்தவில்லை. மணலில் ஏறி, தெருவில் ஏறி, முனையில் வலது கையை நீட்டி, இந்தத் தடவை பின்னால் நிஜமாகவே நான்கு சைக்கிள் இருந்தது, சுகாதார நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா டியூட்டி முடிந்து வெளியே வந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, அது எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

"இந்த சிஸ்டர் ஆரு?" என்று கடைசித் தீவிலிருந்து கூடவே வந்த ஒரு கிழவர் ஹவ்வா அக்காவிடம் கேட்டார்.

"டிரைவருக்க பொண்டாட்டி," என்றாள் ஹவ்வா அக்கா.

அம்மா அதைக் கேட்டாள். பஸ்ஸில் ஏறினாள். ஹவ்வா அக்காவும் தங்கையும் நகர்ந்து இடம் விட, முதல் சீட்டில், அப்பாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார்.

"எங்க போணும்?" என்றார்.

எங்கள் வீடு அங்கேயிருந்து பார்த்தால் தெரியும். கொடியில் துணி ஆடுவதுகூடத் தெரியும்.

"வீட்டுக்கு," என்றாள் அம்மா.

"நாளைக்கும் வண்டி உண்டு," என்றார் அப்பா. "சும்மா இருக்க முடியாது."

"இருக்க வேண்டாம்," என்றாள் அம்மா. "காலையில எனக்கு ஆறு மணி டியூட்டி. நேரத்துக்கு எடுக்கணும்."

அப்பா காத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் போய்க் கருங்கல் என்ற பலகையைக் கழற்றி, படியில் ஏறி நின்று, அதைச் சீட்டுக்கு அடியில், லைஃப் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு, இரண்டு ஊதினேன்.